மழலையர் வகுப்பில் விளையாட்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளின் கல்வி குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மழலையர் வகுப்பு ஆசிரியை ஒருவர் இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் மகன் எல்.கே.ஜி. படிக்கிறான். இன்று பள்ளியில் என்ன செய்தாய் என்று தினமும் கேட்கிறேன். ‘விளையாடினேன்’ என்ற ஒரே பதில்தான் வருகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை வேறொரு பள்ளியில் அதே வகுப்பில் படிக்கிறது. நூறு வரை தடையில்லாமல் சொல்கிறது, எழுதவும் செய்கிறது. விளையாடுவதற்கு வீடு போதாதா, அதற்கு ஏன் கட்டணம் கட்ட வேண்டும் என்று என் மாமியார் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– ஒரு தாய், கோவில்பட்டி

பதில்: உங்கள் மாமியார் கேட்பது நியாயமான கேள்வி. வீட்டு விளையாட்டும் வகுப்பு விளையாட்டும் ஒன்றாகவே இருந்தால் கட்டணம் வீண்தான். இரண்டுக்கும் வேறுபாடு இருக்கிறதா என்பதை நீங்கள் பள்ளிக்குப் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு என் வகுப்பில் நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் வகுப்பின் ஒரு மூலையில் காய்கறிக் கடை இருக்கிறது. இரண்டு கொட்டாங்கச்சிகளைக் கயிற்றில் கட்டிய தராசு, களிமண்ணில் செய்து காயவைத்த கத்தரிக்காயும் வெங்காயமும், பழைய நாட்காட்டித் தாளைக் கிழித்துச் செய்த ரூபாய் நோட்டுகள் ஆகியவைதான் அதன் மூலதனம். ஒரு குழந்தை கடைக்காரர். மற்றவர்கள் பையோடு வருவார்கள். வாசலில் நின்று பார்ப்பவருக்கு இது வெறும் இரைச்சலாகத் தெரியும். ஆனால் வாங்க வருகிறவர் கையில் இருக்கும் சீட்டு நான் எழுதியது. கத்தரிக்காய்ப் படத்துக்கு நேரே மூன்று புள்ளிகள், வெங்காயத்துக்கு நேரே ஐந்து புள்ளிகள். கடைக்காரர் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு காயை வைத்து, புள்ளிகள் மறைந்ததும் அள்ளிப் பையில் போடுகிறார். இது எல்லோருக்கும் கைவந்த பிறகு, சீட்டில் புள்ளிகளுக்குப் பதிலாக 3, 5 என்ற எண்ணுருக்கள் வரும். அதற்கும் பிறகு, கடையில் நான்கு வெங்காயம் மட்டுமே இருக்கும்படி நான் ஒன்றை ஒளித்துவைப்பேன். ‘ஒன்று குறைகிறது, நாளைக்கு வாருங்கள்’ என்று கடைக்காரர் சொல்லும் இடத்தில் கழித்தல் தொடங்குகிறது.

எண்களை வரிசையாக ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. குழந்தைகள் எண்ணக் கற்கும் விதத்தை ஆராய்ந்த கெல்மன், காலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் 1978இல் எழுதிய நூலில், எண்ணுதலுக்குள் ஐந்து விதிகள் இருப்பதாகக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஓர் எண் மட்டுமே சொல்ல வேண்டும் என்பதும், கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்த அளவைக் குறிக்கும் என்பதும் அவற்றில் முக்கியமானவை. நூறு வரை ஒப்பிக்கும் நான்கு வயதுக் குழந்தையிடம் ‘ஏழு கரண்டி எடுத்துக் கொடு’ என்று கேட்டுப் பாருங்கள். கைக்கு வந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்தால் ஏழு என்பது அதற்கு இன்னும் பாட்டின் ஒரு சொல்தான் என்று பொருள். பக்கத்து வீட்டுக் குழந்தையைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தக் குழந்தைக்கு இரண்டுமே தெரிந்திருக்கலாம். நூறு வரை சொல்வதை மட்டும் வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது என்கிறேன்.

மகனிடம் ‘என்ன செய்தாய்’ என்று கேட்பதை விட்டு, ‘இன்று கடையில் யார் முதலாளி, யார் சில்லறை தரவில்லை’ என்று கேளுங்கள்; கதை கதையாக வரும். ஆசிரியரிடம், ‘இந்த வாரம் இந்த மூலையை ஏன் இப்படி வைத்திருக்கிறீர்கள்’ என்று கேளுங்கள். அவர் தயங்காமல் காரணம் சொன்னால் கட்டணத்தை நிம்மதியாகக் கட்டலாம். ‘சும்மா விளையாடட்டும் என்றுதான்’ என்று பதில் வந்தால் உங்கள் மாமியார் சொல்வதே சரி.

கேள்வி: மழலையர் ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். நோக்கத்துடன் திட்டமிட்டுக் கற்பிக்க வேண்டும் என்றும் படிக்கிறோம். குழந்தை தானே கண்டறிய விட வேண்டும் என்றும் படிக்கிறோம். செய்முறைப் பயிற்சிக்குப் போன இடத்தில், விளையாடும் குழந்தைகளிடம் பேசினால் ‘குறுக்கே போகாதே’ என்கிறார்கள். பேசாமல் நின்றால் ‘ஏன் சும்மா நிற்கிறாய்’ என்கிறார்கள். எப்போதுதான் பேசுவது?
– பயிற்சி ஆசிரியை, மதுரை

பதில்: இந்தத் துறையில் இருப்பவர்கள் ஓய்வு பெறும் வரை கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. உங்களுக்குப் பயிற்சியிலேயே வந்திருப்பது நல்லது.

முதலில், பேசாமல் கற்பிக்க முடியாதவை சில உண்டு. ஒரு நிறத்தின் பெயர், ஓர் எழுத்தின் ஒலி, கத்தரிக்கோலை எப்படி நீட்ட வேண்டும் என்ற முறை ஆகியவற்றை எந்தக் குழந்தையும் எவ்வளவு நேரம் விளையாடினாலும் தானாகக் கண்டுபிடித்துவிடாது. பெரியவர்கள் உடன்பாடாக வைத்திருக்கும் செய்திகள் அவை. நேரடியாகச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். ‘இது என்ன நிறம், யோசித்துப் பார்’ என்று பெயர் தெரியாத குழந்தையை நிற்கவைப்பது கண்டறிதல் ஆகாது, வதைதான். ஆனால் எது மிதக்கும், எது மூழ்கும், ஏன் இந்தக் கோபுரம் சாய்கிறது, இருவருக்கும் ஒரே மிதிவண்டி என்றால் என்ன செய்வது போன்றவற்றைக் குழந்தையின் கையும் கண்ணும் சொல்லித்தர முடியும். அங்கே நாம் முந்திக்கொண்டால் கெடுத்துவிடுவோம்.

கெடுத்துவிடுவோம் என்று சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. எலிசபெத் போனவிட்சும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், குழாய்களால் ஆன புதுமையான ஒரு பொம்மையை மழலையர் வயதுக் குழந்தைகளிடம் கொடுத்தார்கள். அதில் கீச்சென்ற ஒலி, விளக்கு, இசை, கண்ணாடி என்று பல வேடிக்கைகள் ஒளிந்திருந்தன. சிலரிடம் மட்டும், ‘இது இப்படித்தான் வேலை செய்யும், பார்’ என்று கீச்சொலியைச் செய்துகாட்டிக் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகள் அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள்; மற்றவற்றைக் கண்டுபிடித்தது குறைவு. யாரும் விளக்காமல் பொம்மை கிடைத்த குழந்தைகள் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து மேலும் பலவற்றைக் கண்டுபிடித்தார்கள். ஆசிரியர் சொன்னால் அதுதான் முழுமை என்று குழந்தை நியாயமாகவே நம்பிவிடுகிறது.

அப்படியானால் ஒதுங்கி நிற்பதே சிறந்ததா என்றால், அதுவும் இல்லை. 2013இல் அமெரிக்காவில் வெளியான இன்னோர் ஆய்வில், நான்கைந்து வயதுக் குழந்தைகளுக்கு முக்கோணம் முதலான வடிவங்களை மூன்று வழிகளில் அறிமுகப்படுத்தினார்கள். ஒரு குழுவுக்கு ஆசிரியரே விளக்கினார். ஒரு குழு வடிவங்களோடு தன் விருப்பப்படி விளையாடியது. மூன்றாம் குழுவில், ‘இந்த வடிவங்களின் ரகசியத்தைத் துப்பறிவோமா’ என்று பெரியவர் ஒருவர் கேள்விகளால் வழிகாட்டினார். ஒல்லியாக, சாய்ந்து, தலைகீழாக இருக்கும் முக்கோணத்தையும் முக்கோணம் என்று அடையாளம் காண்பதில் மூன்றாம் குழுவே முந்தியது. ஒரு வாரம் கழித்தும் மறக்கவில்லை. தன் விருப்பப்படி விளையாடிய குழு அந்த ஒரு விஷயத்தில் பெரிதாக எதையும் கற்கவில்லை. தன்னிச்சையான விளையாட்டுக்கு வேறு பயன்கள் உண்டு. ஆனால் குறிப்பிட்ட ஒன்றைக் கற்க வேண்டுமானால் கற்றவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பக்கத்தில் இருந்து என்ன செய்வது என்பதற்குத் தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், ஒரு புனல், உயரமான குறுகிய குப்பி, அகன்ற கிண்ணம். ஒரு சிறுமி கிண்ணத்துத் தண்ணீரைக் குப்பியில் ஊற்றிவிட்டு, ‘தண்ணி நிறைய ஆயிடுச்சு’ என்கிறாள். ஏழு வயதுக்கு முன் பெரும்பாலான குழந்தைகள் உயரத்தைப் பார்த்துத்தான் அளவைச் சொல்வார்கள் என்பது குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. ‘இல்லை, அதே தண்ணீர்தான்’ என்று நீங்கள் சொன்னால் அவள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள். மனத்தில் எதுவும் மாறியிருக்காது. நான் அவளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் செய்ததை மட்டும் சொல்வேன்: ‘கிண்ணத்தில் இருந்ததைக் குப்பியில் ஊற்றினாய், இப்போது உயரமாக நிற்கிறது.’ அதன் பிறகு சற்று நேரம் வாயைத் திறக்கக் கூடாது, இதுதான் கடினம். அவளாக மேலே எதுவும் செய்யாவிட்டால், ‘இதைத் திரும்பக் கிண்ணத்தில் ஊற்றினால் எதுவரைக்கும் வரும், விரலை வைத்துக் காட்டு’ என்பேன். விரல் வைத்த இடமும் தண்ணீர் நின்ற இடமும் வேறாக இருக்கும்போது அவள் முகம் மாறும். அன்றைக்கு அது போதும். விடையைச் சொல்லும் பொறுப்பு எனக்கு இல்லை. குப்பியும் கிண்ணமும் அதே அளவுகளில் மறுநாளும் தொட்டிப் பக்கம் இருக்க வேண்டும் என்பதுதான் என் பொறுப்பு.

ஆகவே, பேசுவதற்கு முன் உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். குழந்தை இப்போது ஏதாவது ஒன்றைத் தீர்க்க முயன்றுகொண்டிருக்கிறதா? ஆம் என்றால் பேசாதீர்கள். அதே செயலைச் சலிப்போடு திரும்பத் திரும்பச் செய்கிறது, அல்லது முட்டி நின்றுவிட்டது என்றால் ஒரு கேள்வி கேளுங்கள், அல்லது ஒரு புதிய பொருளைச் சொல்லாமல் கொள்ளாமல் பக்கத்தில் வைத்துவிட்டு நகருங்கள். உங்களைக் கண்காணிப்பவர் ‘ஏன் சும்மா நிற்கிறாய்’ என்று கேட்டால், எந்தக் குழந்தைக்காக, எதைப் பார்த்து நிற்கிறீர்கள் என்று சொல்ல முடிய வேண்டும். அப்படிச் சொல்ல முடியாத நாளில் அவர் கேட்டது சரி.

கேள்வி: ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியன் நான். மூன்று வயதில் பென்சில் பிடிக்கவைப்பது தவறு என்பதை ஏற்கிறேன். ஆனால் எழுத்தே கூடாது, எல்லாம் விளையாட்டு என்று மேல்நாட்டாரைப் பார்த்துப் பேசுவது சரியாகப்படவில்லை. எங்கள் காலத்தில் மணலில் எழுதித்தான் படித்தோம்.
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஐயா, நீங்கள் எழுதிய மணல்தான் என் வாதமும். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவவைத்து அதன் பிறகு பென்சில் கொடுத்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையாரும் இதே வரிசையைத்தான் பின்பற்றினார். அவர் பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். போர் காரணமாக ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் தங்கி, 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். அதற்கும் முன்பே, 1920இல், குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேக்கா என்ற கல்வியாளர் பாலர் பள்ளி தொடங்கிவிட்டார். இது முழுக்க மேல்நாட்டுச் சரக்கு இல்லை.

எழுத்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. பென்சிலை முஷ்டியால் பிடிக்கும் கை, விரல் நுனிகளால் பிடிக்கும் கையாக மாறுவதற்குக் காலம் வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கரை, ஐந்து வயதையொட்டித்தான் அது நடக்கிறது. அதுவரை அந்தக் கைக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. மாவு பிசையலாம், பச்சைப் பட்டாணி உரிக்கலாம், ஈரத் துணியைப் பிழியலாம், கொடியில் கிளிப் மாட்டலாம், தரையில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கலாம். புள்ளிக் கோலம் போட்டுப் பழகிய குழந்தைக்குக் கோட்டை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எழுத்து வரும் நேரத்தில் ‘அ’வில் தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சுழியும் வளைவும் கொண்ட ‘அ’வைவிட, நேர்க்கோடுகளால் ஆன ‘ட’, ‘ப’ இரண்டும் சிறு கைக்கு எளிது. இது உங்களுக்குத் தெரியாததில்லை. நான் இன்னும் ஒருபடி மேலே போய், குழந்தை முதலில் எழுத விரும்புவது தன் பெயரைத்தான் என்பேன். தன் செருப்பு வைக்கும் இடத்துக்கும், வரைந்த படத்துக்கும் பெயர் எழுத வேண்டிய தேவையை வகுப்பில் உண்டாக்கிவிட்டால், கையெழுத்து ஏட்டில் பக்கம் பக்கமாக ஒரே எழுத்தை நிரப்பவைக்கும் வேலை மிச்சம்.

கேள்வி: அங்கன்வாடி பணியாளராக இருக்கிறேன். ஒரே அறை, இரண்டு வயது முதல் ஐந்தரை வயது வரை இருபதுக்கு மேல் குழந்தைகள். சமையல், சத்துமாவு, எடை பார்த்தல், பதிவேடு, செல்போனில் பதிவு ஏற்றுதல் எல்லாம் இருக்கின்றன. நீங்கள் சொல்லும் மூலைகளும் பொம்மைகளும் எங்களுக்கு எட்டாதவை.
– அங்கன்வாடி பணியாளர், தருமபுரி மாவட்டம்

பதில்: உங்கள் பணிச்சுமையைக் குறைக்கும் அதிகாரம் என் பேனாவுக்கு இல்லை, அதைக் குறைக்க வேண்டும் என்று சொல்லும் கடமை உண்டு. அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியபோதே, முன்பருவக் கல்வி அதன் ஆறு சேவைகளில் ஒன்றாக இருந்தது. ஆனால் எடையும் உணவும் கணக்கில் ஏறுகின்றன, கதை சொன்னது ஏறுவதில்லை. அதனால் நெருக்கடி வரும்போது முதலில் விடுபடுவது கல்விதான். மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகள் இருபது பேருக்கு ஒருவர், மூன்று வயதுக்குக் கீழே என்றால் பத்துப் பேருக்கு ஒருவர் என்று தேசியத் தரநிலைகளே சொல்கின்றன. நீங்கள் தனியாக இழுப்பது அதற்கு மேலான பாரம்.

இருக்கும் நிலையில் என்ன செய்யலாம்? நாள் முழுவதையும் திட்டமிட முயல வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு விளையாட்டை நோக்கத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த முக்கால் மணி நேரத்தில் எடைக் கருவியையும் செல்போனையும் தொடாதீர்கள். மற்ற நேரத்தில் பாட்டு, ஓட்டம், தூக்கம் என்று வழக்கம்போல் போகட்டும்.

வயதுக் கலப்பைக் குறையாகப் பார்க்காதீர்கள். தனியார் பள்ளியில் காசு கொடுத்தாலும் கிடைக்காத வசதி அது. உதாரணத்துக்கு, முருங்கைக்கீரை வந்த நாளில் ஒரு கட்டை வெளியே எடுத்து வையுங்கள். இரண்டரை வயதுக் குழந்தை இலையை உருவும். அதன் விரலுக்கு அது போதுமான வேலை. நான்கு வயதுக் குழந்தைகள் உருவிய காம்புகளை நீளம், குட்டை என்று பிரித்து அடுக்கட்டும். ஐந்து வயதினர் பத்துப் பத்தாகக் கட்டு கட்டட்டும். நீங்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து மூன்று குழுவிடமும் மூன்று விதமான கேள்வி கேட்கலாம். சமையலுக்கும் கீரை தயாராகிவிடும். பல்லாங்குழியும் அப்படியே. ஒரு பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகளைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமாக வரைந்தாலே போதும். சிறியவர்கள் குழிக்கு ஒன்றாகப் போடுவார்கள். பெரியவர்கள் ஆட்டத்தின் விதிகளோடு ஆடுவார்கள்.

ஓர் எச்சரிக்கை. மூன்று வயதுக்குக் குறைந்தவர்கள் இருக்கும் அறையில் புளியங்கொட்டை, குன்றிமணி, சிறு மணிகள் வேண்டாம். அவை வாய்க்கும் மூக்குக்கும்தான் போகும், குன்றிமணி நஞ்சும்கூட. அந்த இடத்தில் பெரிய கூழாங்கல்லோ பாட்டில் மூடியோ வையுங்கள். மூடியும் பெரிய அளவாக, வாயில் நுழையாததாக இருக்கட்டும்.

கேள்வி: நான் பணியாற்றும் ஆங்கிலவழி மழலையர் பள்ளியில், விளையாட்டு நேரத்திலும் குழந்தைகள் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று நிர்வாகம் சொல்கிறது. குழந்தைகள் பேசாமலே விளையாடுகிறார்கள்.
– ஆசிரியை, சேலம்

பதில்: விடை உங்கள் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. ‘நீ டாக்டர், நான் அம்மா, பாப்பாவுக்குக் காய்ச்சல், ஊசி வேண்டாம் மாத்திரை போதும்’ என்று ஒரு குழந்தை சொல்லும்போது அது காரணம், நிபந்தனை, பேரம் மூன்றையும் மொழியால் செய்கிறது. தெரிந்த மொழியை எடுத்துவிட்டால் அந்தச் சிந்தனை வேறு மொழிக்கு மாறிவிடாது, நின்றுவிடும். 2022 அக்டோபரில் வெளியான அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் மூன்று முதல் எட்டு வயது வரை வீட்டுமொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்றுதான் வலியுறுத்துகிறது. இதை நிர்வாகத்திடம் எடுத்துக் காட்டலாம்.

ஆங்கிலம் வேண்டும் என்ற பெற்றோரின் விருப்பத்தையும் நான் அலட்சியப்படுத்தவில்லை. பாட்டு, படக்கதை, கட்டளை விளையாட்டு ஆகியவற்றை ஆங்கிலத்தில் நடத்துங்கள்; அங்கே உடல் அசைவே பொருளை விளக்கிவிடும். பாவனை விளையாட்டை மட்டும் குழந்தையின் மொழிக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: மூன்றரை வயது மகள் பள்ளியில் யாரோடும் சேராமல் தனியாகவே விளையாடுகிறாள் என்று ஆசிரியர் சொல்கிறார். கவலையாக இருக்கிறது.
– ஒரு தந்தை, திருச்சி

பதில்: மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932இல் எழுதிய கட்டுரை ஒன்று, இந்த வயதினரின் விளையாட்டைத் தனித்து ஆடுதல், ஒருவர் பக்கத்தில் ஒருவர் அவரவர் ஆட்டத்தை ஆடுதல், கொடுத்து வாங்கி ஆடுதல், கூட்டாக ஆடுதல் என்று பிரித்தது. மூன்றரை வயதில் முதல் இரண்டு வகைகளும் மிக இயல்பானவை. மகள் தனியாக ஆடும்போது எதையாவது கட்டுகிறாளா, தனக்குத்தானே கதை பேசுகிறாளா, மற்றவர்களை ஓரக்கண்ணால் கவனிக்கிறாளா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். இவை இருந்தால் ‘போய்ச் சேர்ந்து விளையாடு’ என்று தள்ளவேண்டியதில்லை. ஆசிரியர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஆட்டத்தையே ஆடினால், இரண்டாவது குழந்தை தானாக வந்து உட்காரும்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, கண் பார்த்துப் பேசாதது, பேசிக்கொண்டிருந்த சொற்கள் குறைவது ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எழுத்து, எண் கற்பிக்கும் செல்போன் செயலிகளும் விளையாட்டுவழிக் கல்விதானே?
– வாசகி, ஓசூர்

பதில்: பெரும்பாலானவை இல்லை. சரியான படத்தைத் தொட்டால் கைதட்டும் செயலி, வண்ணம் பூசிய வினாத்தாள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மூன்று, நான்கு வயதினருக்குத் திரை நேரம் ஒரு மணிக்குள் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. அதே வயதில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் உடலசைவும் வேண்டும் என்கிறது அந்த ஆவணம். இரண்டாவது எண்ணை யாரும் நினைவில் வைப்பதில்லை.

கேள்வி: விளையாட்டுவழிப் பள்ளியில் படித்த என் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போகும் பள்ளி, நுழைவுத்தேர்வும் நேர்காணலும் உண்டு என்கிறது. இரண்டு மாதம் டியூஷன் வைக்கட்டுமா?
– ஒரு தந்தை, சென்னை

பதில்: வைக்க வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்தத் தேர்வையும் தடைசெய்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்து ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். அதற்கும் முன்பே, 1993இல், பள்ளிக் குழந்தைகளின் படிப்புச் சுமையைக் குறைக்க அரசு அமைத்த பேராசிரியர் யஷ்பால் குழு நர்சரிச் சேர்க்கைக்கான தேர்வையும் நேர்காணலையும் ஒழிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. சட்டத்தைத் தெரிந்தே மீறும் பள்ளி, உள்ளே போன பிறகு உங்கள் மகளை எப்படி நடத்தும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை என்றால் குழந்தை முன்னேறுகிறதா என்று ஆசிரியருக்கே எப்படித் தெரியும்?
– ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: எழுதிவைத்தால் தெரியும், எழுதாவிட்டால் தெரியாது. விளையாட்டுவழி வகுப்பு என்று பெயர் வைத்துக்கொண்ட பல இடங்களில் நான் காணும் குறை இதுதான். மூலைகள் அழகாக இருக்கும், சுவரில் வண்ணப்படங்கள் இருக்கும். யார் எதைக் கற்றார் என்று கேட்டால் ‘எல்லாக் குழந்தைகளும் நன்றாகச் செய்கிறார்கள்’ என்பார்கள்.

ஒரு நாளைக்கு எல்லாக் குழந்தைகளையும் கவனித்து எழுத முடியாது. நான் காலையிலேயே நான்கைந்து குழந்தைகளைத் தேர்ந்துகொள்வேன்; வாரத்துக்குள் வகுப்பு முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும். எழுதுவது பார்த்ததையும் கேட்டதையும் மட்டும்தான். ‘கெட்டிக்காரி’, ‘பிடிவாதக்காரன்’ என்ற தீர்ப்புகளுக்கு அந்தக் குறிப்பேட்டில் இடமில்லை. ஒரு குறிப்பு இப்படி இருக்கும்: ‘கட்டை விளையாட்டு. பாலம் இரண்டு முறை விழுந்தது. மூன்றாவது முறை தூண்களை நெருக்கி வைத்தான். பலகை நீளம் பற்றாது என்று பக்கத்துக் குழந்தையிடம் சொன்னான்.’ இந்த நான்கு வரியில் விடாமுயற்சி, நீளத்தைப் பற்றிய ஊகம், காரணம் சொல்லும் மொழி மூன்றும் இருக்கின்றன. அடுத்த வாரத் திட்டமும் இதிலிருந்தே பிறக்கிறது: அவனுக்காக வெவ்வேறு நீளத்தில் அட்டைப் பட்டைகளைக் கட்டைக் கூடையில் போட்டுவைப்பேன். அவற்றை அவன் எடுத்துப் பாலத்தின் நீளத்தோடு ஒப்பிட்டால் அளத்தல் தொடங்கிவிட்டது. எடுக்காவிட்டால் அது இன்னும் அவன் கேள்வி ஆகவில்லை என்று கூடையை மாற்றுவேன்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது, ‘என் குழந்தை எத்தனையாவது இடம்’ என்று கேட்காமல், கடந்த மாதம் அதைப் பற்றி எழுதிய குறிப்பு ஒன்றைப் படித்துக் காட்டும்படி கேளுங்கள். ஜூன் மாதக் குறிப்பையும் டிசம்பர் மாதக் குறிப்பையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முன்பு கட்டையை வரிசையாக மட்டும் அடுக்கியது, இப்போது இருபுறமும் சமமாகக் கட்டுகிறது. முன்பு பிடுங்கியது, இப்போது ‘உனக்கு அப்புறம் எனக்கு’ என்கிறது என்பது போன்ற மாற்றங்கள் தேதியோடு தெரிய வேண்டும். எட்டு மாதக் குறிப்புகளிலும் ஒரே மாதிரி வரிகள் இருந்தால், அதை அந்த ஆசிரியரிடமே பணிவாக, ஆனால் நேராகக் கேட்டுவிடுங்கள்.